மெலிந்த பிள்ளைக்குச் சலரோகம்: குளிசையா, ஊசியா, மரபணுச் சோதனையா?

இருபது வயது. மெலிந்த உடம்பு. சாப்பிடாமல் எடுத்த இரத்தச் சீனி 140 (டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில்). வீட்டில் தகப்பனுக்கும் அப்பாச்சிக்கும் ஏற்கெனவே சலரோகம். இப்படி ஒரு பிள்ளையின் றிப்போட்டை யாழ்ப்பாணத்தில் நாலு பேரிடம் காட்டினால் நாலு யோசனை கிடைக்கும். ஒருவர் "பரம்பரை வருத்தம்தானே, மெற்போமினைத் தொடங்குங்கோ" என்பார். இன்னொருவர் "இந்த வயதில் வந்தால் இன்சுலின்தான்" என்பார். மூன்றாமவர், அவர் பெரும்பாலும் கனடாவிலிருந்து பேசுபவர், "ஜீன் ரெஸ்ட் செய்து பாருங்கோ" என்பார். நாலாமவர் பாவற்காய்ச் சாறு சொல்வார். அவரை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை.

முதல் மூவரும் பிழையாகச் சொல்லவில்லை. மூவரின் யோசனையும் யாரோ ஒரு பிள்ளைக்குச் சரிதான். எது எந்தப் பிள்ளைக்கு என்பதில்தான் சிக்கல். அதைப் பிரித்தறிய ஒரு கேள்வி உதவும்: பழுது சதையி உருவான காலத்தில் நடந்ததா, அல்லது உருவாகி முடிந்த சதையி வேலை செய்யும் விதத்தில் இருக்கிறதா? இதற்காகக் கருவுக்குள் கொஞ்சம் எட்டிப்பார்க்க வேண்டும்.

சதையி உருவாகும் கதை

கரு நாலு கிழமையை எட்டும்போது முன்குடலின் சுவரில் இரண்டு மொட்டுகள் கிளம்புகின்றன. ஒன்று முதுகுப் பக்கம், மற்றது வயிற்றுப் பக்கம். பிறகு அவை ஒன்றுசேர்ந்து சதையி (கணையம்) ஆகின்றன. அதே குடல் குழாயிலிருந்துதான் ஈரலும் வருகிறது. எந்த இடத்தில் எது வரவேண்டும் என்று தீர்மானிப்பவை மரபணுச் சீராக்கிகள். இவையும் புரதங்களே. டிஎன்ஏயில் குறித்த இடங்களில் போய் ஒட்டிக்கொண்டு, பக்கத்து மரபணுக்களைத் தூண்டுவதும் அடக்குவதும் இவற்றின் தொழில். உடம்பின் எல்லாக் கலங்களிலும் இன்சுலினுக்கான மரபணு இருக்கிறது. அது சதையியின் பீற்றாக் கலத்தில் மட்டும் பேசுவதற்குக் காரணம் இந்தச் சீராக்கிகளின் கூட்டுத்தான்.

இதில் முதலில் சொல்லவேண்டியது பிடிஎக்ஸ்1. 1994-இல் எலிகளில் இந்த மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். குட்டிகள் சதையி இல்லாமல் பிறந்தன. 1997-இல், இதே மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் (தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று) ஓர் எழுத்து விடுபட்டுப்போன ஒரு குழந்தை சதையி இல்லாமல் பிறந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அதே குடும்பத்தில் ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுக்கு சதையி இருந்தது, ஆனால் சலரோகம் வந்திருந்தது. ஒரே மரபணு, ஒரு பிரதி போனால் சலரோகம், இரண்டும் போனால் உறுப்பே இல்லை.

பிரிஎஃப்1ஏ என்ற சீராக்கியின் கதை இன்னும் விசித்திரமானது. அந்த மரபணு பழுதானால் சதையியும் சிறுமூளையும் உருவாகாமல் போகும் என்று 2004-இல் தெரியவந்தது. ஆனால் சதையி மட்டும் இல்லாமல், மூளை முழுமையாக இருந்த குழந்தைகளும் பிறந்தார்கள். அவர்களின் பிரிஎஃப்1ஏ மரபணுவை எழுத்தெழுத்தாக வாசித்தும் ஒரு பிழையும் அகப்படவில்லை. 2014-இல்தான் விடை கிடைத்தது. பழுது மரபணுவில் இல்லை. அதிலிருந்து ஏறக்குறைய 25,000 எழுத்துகள் தள்ளி இருந்த, 400 எழுத்து அளவான ஒரு துண்டில் இருந்தது. சதையி உருவாகும் நேரத்தில் மட்டும் அந்த மரபணுவைத் தூண்டுகிற துண்டு அது. மரபணுச் சோதனையில் "ஒன்றும் இல்லை" என்று வந்தால் மரபணுவில் கோளாறே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்தவும் முடியாது. ஜிஏரிஏ6 என்ற சீராக்கியின் ஒரு பிரதி போனால் எலிக்குச் சதையியில் ஒன்றும் ஆவதில்லை. மனிதரில் அந்த ஒரு பிரதி போவதே, சதையி இல்லாமல் பிறக்கும் குழந்தைகளில் அதிகம் காணப்படும் காரணம் என்று 2012-இல் கண்டார்கள்.

மொட்டு வளர்ந்த பிறகு இரண்டாம் கட்டம். சதையியின் பெரும்பகுதி செரிமான நொதியம் சுரக்கும் கலங்கள்தான். இன்சுலின் சுரக்கும் சிறு தீவுகள் முழு உறுப்பில் 1 முதல் 2 வீதம் மட்டுமே. அந்தத் தீவுக் கலங்களாகப் போகிறவற்றைப் பிரித்தெடுப்பது நியூரோஜெனின்3. அது கொஞ்ச நேரம் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். பிறகு நியூரோடி1, என்கேஎக்ஸ்6.1, எம்ஏஎஃப்ஏ போன்றவை வந்து கலத்தைப் பீற்றாக் கலமாக முதிர வைக்கின்றன. முதல் இன்சுலின் எட்டாவது கிழமை அளவில் தென்படுகிறது. முதலில் உறுப்பை உருவாக்கிய அதே பிடிஎக்ஸ்1, வளர்ந்தவரின் பீற்றாக் கலத்திலும் இருந்து இன்சுலின் மரபணுவைத் தூண்டிக்கொண்டிருக்கிறது.

மூன்றாம் கட்டம் முதிர்ந்த கலம் ஒழுங்காக வேலை செய்வது. இங்கே முக்கியமானவை எச்என்எஃப்1ஏ, எச்என்எஃப்4ஏ. பீற்றாக் கலம் குளுக்கோஸை உள்ளே எடுத்து எரித்து, அந்தச் சக்தியால் பொற்றாசியம் வாயிலை மூடி, அதனால் கல்சியம் உள்ளே வந்து, பிறகுதான் இன்சுலின் வெளியே போகும். குளுக்கோஸை எடுத்து எரிக்கும் பகுதிக்கான பல மரபணுக்களை எச்என்எஃப்1ஏதான் பார்த்துக்கொள்கிறது. அது தளர்ந்தால் கலம் இருக்கும், அதற்குள் இன்சுலினும் இருக்கும். இரத்தத்தில் சீனி ஏறியது மட்டும் கலத்துக்குச் சரியாகத் தெரியாது.

ஏன் இந்தக் கட்டம் பிரிப்பது முக்கியம்?

மருந்து அதைப் பொறுத்தது. கிளிக்லசைட் போன்ற சல்போனைல்யூரியா குளிசைகள், குளுக்கோஸ் எரிந்து சக்தி வரும்வரை காத்திருக்காமல், பொற்றாசியம் வாயிலை நேரே மூடிவிடுகின்றன. முன்வாசல் மணி பழுதான வீட்டில் பின்பக்கம் போய்க் கதவைத் தட்டுவது போல. எச்என்எஃப்1ஏ பழுதானவருக்கு இது நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் இதுதான். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் 36 பேருக்கு கிளிக்லசைட்டையும் மெற்போமினையும் மாறி மாறிக் கொடுத்துப் பார்த்தார்கள். எச்என்எஃப்1ஏ பழுதுள்ளவர்களில் சாப்பிடாமல் எடுத்த சீனி கிளிக்லசைட்டில் ஏறக்குறைய 85 புள்ளி இறங்கியது, மெற்போமினில் 16 புள்ளிதான். இரண்டும் எங்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்கிற குளிசைகள். எதைக் கொடுப்பது என்பதில்தான் வித்தியாசம்.

எச்என்எஃப்1பி பழுதானவருக்கோ கதை வேறு. அது முதல் கட்டச் சீராக்கி. சதையியின் உடலும் வாலும் உருவாகாமல் சின்னதாக இருக்கும். சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள் இருக்கும். கலமே குறைவாக இருக்கும் இடத்தில் கலத்தைத் தட்டியெழுப்பும் குளிசையால் அதிக பலன் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இன்சுலின் தேவைப்படும்.

குளுக்கோகைனேஸ் என்ற நொதியத்தின் மரபணுவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது சீராக்கி அல்ல, கலம் சீனியை அளக்கும் கருவி. இது பழுதானால் சாப்பிடாமல் எடுத்த சீனி பிறந்ததிலிருந்தே 100க்கும் 145க்கும் இடையில் நிற்கும். வயது போனாலும் அதிகம் ஏறாது, மருந்து கொடுத்தாலும் அதிகம் இறங்காது. கர்ப்பகாலத்தைத் தவிர இவர்களுக்கு மருந்தே தேவையில்லை. தேவையில்லாமல் பல வருடம் ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

ஒரே ஒரு மரபணுவின் பழுதால் இளவயதில் வரும் இவ்வகைச் சலரோகத்தை மொடி என்று சொல்வார்கள். இளவயதுச் சலரோகத்தில் இது ஒரு சிறு பங்குதான். சாதாரண இரண்டாம் வகைச் சலரோகத்துக்கும் மரபணுக்கள் காரணமாகின்றன, ஆனால் அங்கே நூற்றுக்கணக்கான இடங்களில் உள்ள சின்னச் சின்ன மாற்றங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒரு சோதனையில் அதைப் பிடித்து மருந்தை மாற்ற முடியாது. ஆகவே "எங்கட வீட்டில் எல்லாருக்கும் சலரோகம்" என்பது மட்டும் மரபணுச் சோதனைக்குக் காரணம் ஆகாது. யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டில் இல்லை?

இனி ஒப்பிடுவோம்

முதல் வழி: ஒன்றும் சோதிக்காமல் இரண்டாம் வகை என்று வைத்துக்கொண்டு மெற்போமின் தொடங்குவது. பிள்ளை பருத்து, கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருந்தால் இதுவே சரியான வழி. எங்கள் பக்கத்தில் இரண்டாம் வகை 20, 25 வயதிலேயே வருகிறது; அதை மொடி என்று சந்தேகித்துப் பணம் செலவழிப்பது வீண். மெலிந்த பிள்ளைக்கு மட்டும் இந்த வழி ஆபத்தானது. முதலாம் வகையாக (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பீற்றாக் கலங்களை அழித்துவிடும் சலரோகம்) இருந்தால், குளிசையோடு காத்திருக்கும் சில கிழமைகளில் கீற்றோன் (இன்சுலின் இல்லாதபோது கொழுப்பு எரிந்து வரும் அமிலம்) ஏறி, வாந்தியும் மூச்சு வாங்கலுமாக அவசரப் பிரிவுக்குக் கொண்டு ஓடவேண்டி வரும்.

இரண்டாம் வழி: இளவயது என்பதால் நேரே இன்சுலின். உயிருக்குப் பாதுகாப்பானது இதுதான். வகை தெரியாத நேரத்தில் நிறை குறைந்து, தாகமும் களைப்புமாக வரும் பிள்ளைக்கு டொக்டர் ஊசி தொடங்கினால் அதைக் கேள்வி கேட்கவே வேண்டாம். என் ஆட்சேபம் அதன் பிறகு நடப்பதில்தான். ஒருமுறை "இன்சுலின் போடும் பிள்ளை" என்று கிளினிக் கொப்பியில் எழுதினால், பத்து வருடம் கழிந்தாலும் யாரும் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. சில பிள்ளைகளுக்குத் தேவைப்படும் அளவு மிகக் குறைவாகவே இருக்கும், ஊசி தவறினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. இருந்தும் ஊசி தொடரும்.

மூன்றாம் வழி சிலர் கையாள்வது: கிளிக்லசைட்டைக் கொடுத்துப் பார்ப்போம், நன்றாக இறங்கினால் மொடி என்று எடுத்துக்கொள்வோம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இரண்டாம் வகைக்காரருக்கும் இந்தக் குளிசையில் சீனி இறங்கும். முதலாம் வகையில் ஆரம்ப மாதங்களில் கொஞ்சம் இறங்கி நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பிறகு கைவிடும். எச்என்எஃப்1ஏ பழுதுள்ளவருக்கு வழக்கமான அளவைக் கொடுத்தால் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கி மயக்கம் வரலாம். அவர்களுக்கு வழக்கமான ஆரம்ப அளவின் கால்பங்கில்தான் தொடங்குவார்கள். குளிசையைச் சோதனையாகப் பயன்படுத்துவதை நான் கடைசி இடத்தில் வைப்பேன்.

நாலாவது, மலிவான சோதனைகளால் வடிகட்டிக்கொண்டு போவது. எனக்குப் பிடித்த வழி இது. கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

சிறுநீரில் சீனி பார்ப்பது இப்போது பழசாகிவிட்டது. ஆனால் எச்என்எஃப்1ஏ சிறுநீரகத்திலும் வேலை செய்கிறது. வடிந்த சீனியைத் திருப்பி எடுக்கும் வாயிலை அதுதான் நடத்துகிறது. அது பழுதானவருக்கு இரத்தச் சீனி 180ஐத் தாண்டாதபோதும் சிறுநீரில் சீனி போகும், சில வேளை சலரோகம் வருவதற்கு வருடங்களுக்கு முன்பே. ஆகவே சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் ஒரே நேரத்தில் எடுத்த இரத்தமும் சிறுநீரும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்தால் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். (எம்பாகிளிபுளோசின் வகைக் குளிசை எடுப்பவருக்கு இது செல்லாது. அந்தக் குளிசையின் வேலையே சிறுநீரில் சீனியை வெளியேற்றுவதுதான்.)

அடுத்தது 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பார்க்கும் சோதனை. யாழ்ப்பாணத்தில் கர்ப்பிணிகளுக்கு வழமையாகச் செய்வதுதான். சாப்பிடாமல் எடுத்த அளவுக்கும் இரண்டு மணித்தியாலம் கழித்து எடுத்த அளவுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 90 புள்ளிக்கு மேல் ஏறியிருந்தால் எச்என்எஃப்1ஏ பக்கம் சாயும். 55க்குள் நின்றால் குளுக்கோகைனேஸ் பக்கம். இது தீர்ப்பு அல்ல, சாய்வு மட்டும்.

வயிற்று ஸ்கானையும் இந்தக் கட்டத்தில் செய்துவிடலாம். சதையி சின்னதாகவும் சிறுநீரகத்தில் நீர்க்கட்டியும் இருந்தால் எச்என்எஃப்1பி. சதையியில் கற்கள் தெரிந்தால் அது வெப்பநாடுகளில் மெலிந்த இளவயதினருக்கு வரும் வேறொரு சலரோகம்; மரபணுச் சோதனைக்குக் கட்டவிருந்த பணம் மிச்சம்.

பிறகுதான் கொஞ்சம் செலவான இரண்டு சோதனைகள்: ஜிஏடி முதலிய பிறபொருளெதிரிகள் (எதிர்ப்புச் சக்தி தன் சொந்தத் தீவுக் கலங்களுக்கு எதிராகச் செய்யும் புரதங்கள்), சி-பெப்ரைட். பிறபொருளெதிரி இருந்தால் முதலாம் வகை. பேச்சு அங்கே முடிந்தது, இன்சுலினை விடக்கூடாது. சி-பெப்ரைட் என்பது உடம்பு தானே செய்யும் இன்சுலினோடு சேர்ந்து வெளியாகும் துண்டு. ஊசியில் போடும் இன்சுலினில் அது இல்லை. சலரோகம் கண்டு மூன்று வருடம் கழிந்தும் அது லீற்றருக்கு 200 பிக்கோமோலுக்கு மேல் இருந்தால் முதலாம் வகை என்ற முடிவைத் திரும்ப யோசிக்க வேண்டும்.

இந்தச் சோதனையில் எங்களுக்கு ஒரு தூரப் பிரச்சினை. இரத்தம் கொழும்புக்குப் போகவேண்டி வந்தால் நானூறு கிலோமீற்றர் வீதியில் போகவேண்டும். சாதாரணக் குழாயில் எடுத்துச் சூட்டில் கிடந்த இரத்தத்தில் சி-பெப்ரைட் சிதைந்து, அளவு குறைவாகக் காட்டும். அந்தப் பொய்யான குறைவு பிள்ளைக்கு வாழ்நாள் ஊசியை எழுதிவிடலாம். ஈடிரிஏ (இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) போட்ட குழாயில் எடுத்தால் அறை வெப்பத்தில் ஒரு நாள் தாங்கும். போறிக் அமிலம் போட்ட போத்தலில் சிறுநீர் எடுத்து, சி-பெப்ரைட்டையும் கிரியற்றினினையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையில் மூன்று நாள் தாங்கும். இரத்தம் கொடுக்கும் இடத்தில் "எந்தக் குழாயில் எடுக்கிறீர்கள், எப்போது அனுப்புவீர்கள்" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

மரபணுச் சோதனை: இரண்டு விதம், இரண்டு விலை

இந்த வடிகட்டலில் பிறபொருளெதிரி இல்லை, சி-பெப்ரைட் இருக்கிறது, உடம்பு மெலிவு, இரண்டு மூன்று தலைமுறையில் இளவயதிலேயே சலரோகம் என்று வந்து நின்றால், இனி மரபணுச் சோதனைக்குச் செலவழிப்பது நியாயம். அதிலும் இரண்டு வழி உண்டு. பல மரபணுக்களை ஒன்றாக வாசிப்பது ஒன்று. இதற்குப் பல பத்தாயிரம் ரூபா போகும், மாதிரி பெரும்பாலும் கடல் கடக்கும். மற்றது, குடும்பத்தில் ஒருவருக்கு ஏற்கெனவே கண்டுபிடித்த அந்த ஒரு மாற்றத்தை மட்டும் பார்ப்பது. செலவு அதில் ஒரு சிறு பங்கு, விடையும் ஆம் அல்லது இல்லை என்று தெளிவாக வரும்.

யாழ்ப்பாணக் குடும்பங்களுக்கு இந்த இரண்டாவது வழி மற்ற ஊர்க்காரரை விட வசதி. பாதிச் சொந்தம் வெளிநாட்டில் இருக்கிறது. நான் அறிந்த ஒரு குடும்பத்தில் (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்) பல்கலைக்கழக அனுமதிக்கான வைத்தியப் பரிசோதனையில் மகளின் சிறுநீரில் சீனி மூன்று பிளஸ். இரத்தத்தில் அவ்வளவு இல்லை. தகப்பன் முப்பது வயதிலிருந்து ஊசி. தகப்பனின் தங்கை ரொறொன்ரோவில். தாய் அவவுக்கு வட்ஸ்அப்பில் பேசினா:

"மச்சாள், உங்கட சலரோக ஜீன் றிப்போட்டை ஒருக்காப் படம் எடுத்து அனுப்புங்கோவன். இஞ்ச டொக்டர் கேக்கிறார்."

"எனக்கு ஊசியை நிப்பாட்டிக் குளிசை தந்தவை எண்டு மட்டும்தான் தெரியும் மச்சாள். அந்தக் கடதாசி எங்கயோ கிடக்கு. பொறுங்கோ, தேடிப்பாக்கிறன்."

வந்த படத்தில் ஒரு வரிதான் வேண்டியிருந்தது. எச்என்எஃப்1ஏ மரபணுவின் நாலாம் எக்சனில் (மரபணுவில் புரதத்துக்கான செய்தி உள்ள துண்டுகளில் நாலாவது) சி என்ற எழுத்து 8 தரம் தொடர்ந்து வரும் ஓர் இடம் உண்டு. அங்கே ஒரு சி கூடி 9 ஆகியிருந்தது. உலகில் இந்த மரபணுவில் அதிகம் காணப்படும் பழுது இதுவே. ஒரே எழுத்து வரிசையாக வரும் இடத்தில், கலம் பிரதியெடுக்கும்போது கணக்குத் தவறுவது சுலபம். மகளிடமும் தகப்பனிடமும் அந்த ஒரு இடத்தை மட்டும் வாசித்தால் போதுமென்று ஆகிவிட்டது.

வெளிநாட்டில் யாரிடமும் றிப்போட் இல்லையென்றால் முழுத் தொகுப்புச் சோதனைதான். சென்னையிலும் வேலூரிலும் மொடி மரபணுக்களில் வருடக்கணக்காக வேலை செய்யும் ஆய்வு நிலையங்கள் உள்ளன. தென்னாசியரின் மரபணு மாற்றங்களைப் பார்த்துப் பழகிய இடங்கள் என்பது ஒரு அனுகூலம். மேற்கத்தையவரை வைத்துத் தொகுத்த தரவுகளில் எங்கள் ஆட்களின் சாதாரண மாற்றம்கூட "அர்த்தம் தெளிவில்லாத மாற்றம்" என்று வந்து குடும்பத்தைக் குழப்பும். அப்படி எழுதியிருந்தால் அதை வைத்து மருந்தை மாற்றக் கூடாது. மொடிக்கான வாய்ப்பைக் கணக்கிட இணையத்தில் உள்ள எக்சிற்றர் கணிப்பானும் ஐரோப்பியரை வைத்துச் செய்ததே. எங்கள் பிள்ளைகளுக்கு அது காட்டும் வீதத்தை அப்படியே நம்ப வேண்டாம்.

நிலையத்தைத் தெரிவுசெய்யும்போது எத்தனை மரபணு பார்க்கிறார்கள் என்ற எண்ணிக்கையில் மயங்காதீர்கள். பிஎல்கே, கேஎல்எஃப்11, பிஏஎக்ஸ்4 ஆகிய மூன்றும் நீண்டகாலம் மொடிப் பட்டியலில் இருந்தவை. ஆதாரம் போதாது, சோதனையில் சேர்க்கக்கூடாது என்று 2022-இல் ஓர் ஆய்வு காட்டியது. பட்டியல் நீளமாக இருப்பதை விட, முழு மரபணுவே விடுபட்டிருந்தால் அதைக் கண்டுபிடிப்பார்களா என்று கேளுங்கள். எச்என்எஃப்1பி காரர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஒரு பிரதி முழுதாகவே இல்லை. எழுத்துப்பிழை மட்டும் தேடும் சோதனையில் அது தப்பிவிடும்.

வடிகட்டல் வேண்டாத பிள்ளை

மேலே சொன்ன ஒழுங்கு எல்லாம் ஒரு இடத்தில் செல்லாது. ஆறு மாதத்துக்குள் சலரோகம் வந்த குழந்தைக்கு முதல் வேலையே மரபணுச் சோதனைதான். அந்த வயதில் முதலாம் வகை வருவது மிக அரிது. பொற்றாசியம் வாயிலின் மரபணுவே பழுதாகியிருந்தால் குளிசையால் சமாளிக்கலாம்: 2006-இல் வெளியான ஆய்வில் அப்படியான 49 பேரில் 44 பேர் இன்சுலினை முற்றாக நிறுத்தினார்கள். ஜிஏரிஏ6, பிரிஎஃப்1ஏ போன்ற உருவாக்கக் கட்டச் சீராக்கிகள் பழுதாகி இருந்தால் இன்சுலினோடு செரிமான நொதியமும் வாழ்நாள் முழுக்க வேண்டும்; அதைத் தெரியாமல் விட்டால் பிள்ளை எவ்வளவு குடித்தாலும் நிறை ஏறாது. இங்கிலாந்தின் எக்சிற்றர் ஆய்வுகூடம் இந்த வயதுக் குழந்தைகளுக்கு எந்த நாட்டிலிருந்து அனுப்பினாலும் இலவசமாகச் செய்து வந்திருக்கிறது. உங்கள் குழந்தைநல வைத்திய நிபுணர் மூலம் கேட்கலாம். மச்சான் மச்சாள் கலியாணம் முடித்த பெற்றோர் என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். இரண்டு பிரதியும் பழுதாகும் வாய்ப்பு அங்கே அதிகம், தேடவேண்டிய மரபணுக்களும் வேறாகும்.

"பொறுத்திருந்தால் புதுக் கலம் வைப்பார்களாமே" என்று கேட்பவர்களுக்காக ஒரு பந்தி. இந்தச் சீராக்கிகளைச் சரியான ஒழுங்கில் தூண்டி, தண்டுக் கலத்திலிருந்து தீவுக் கலம் செய்கிறார்கள் என்பது உண்மை. 2025-இல் வெளியான முடிவில், அதை முழு அளவில் பெற்ற 12 முதலாம் வகைக்காரரில் 10 பேருக்கு ஒரு வருட முடிவில் ஊசி தேவைப்படவில்லை. ஆனால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து எடுக்கவேண்டும். இன்றைக்கு எடுக்கும் முடிவை இதற்காகத் தள்ளிப்போட முடியாது.

றிப்போட்டின் இன்னொரு விலை

பணத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாங்கள் இதைப் பேசுவதில்லை. "பரம்பரை" என்று அச்சடித்த ஒரு கடதாசி வீட்டில் இருப்பது கலியாணப் பேச்சில் என்ன செய்யும் என்பது எல்லாத் தாய்மாருக்கும் தெரியும், பொம்பிளைப் பிள்ளை என்றால் இன்னும் கூட. அந்தப் பயத்தால் சோதனையே வேண்டாம் என்று சொன்னவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். சலரோகம் ஏற்கெனவே இருக்கிறது. சோதனை அதைக் கொண்டுவரவில்லை. தினம் ஊசி போடும் பிள்ளை, தினம் ஒரு சிறு குளிசை எடுக்கும் பிள்ளையாக மாறினால் அந்தப் பேச்சே இலகுவாகும். பிள்ளைக்கு 18 தாண்டியிருந்தால் முடிவும் றிப்போட்டும் அவளுடையது. மாமன் மாமியின் வட்ஸ்அப் குழுவுக்குப் போகவேண்டிய தேவை இல்லை.

கர்ப்பகாலத்திலும் இந்தத் தகவல் பயன்படும். எச்என்எஃப்4ஏ பழுது தாயிடமோ தகப்பனிடமோ இருந்து பிள்ளைக்குப் போனால், பிள்ளை சராசரியாக முக்கால் கிலோ அளவு கூடின நிறையோடு பிறக்கும், பிறந்தவுடன் சீனி இறங்கவும் பார்க்கும். மகப்பேற்று வைத்தியருக்கு முன்பே தெரிந்திருந்தால் ஆயத்தமாக இருப்பார்.

மேலே சொன்ன மகளுக்கு ஒரு தம்பி இருக்கிறான், பன்னிரண்டு வயது, சீனி சாதாரணம். அவனுக்கும் அதே பழுது இருக்க அரைக்கு அரை வாய்ப்பு. எச்என்எஃப்1ஏ பழுதுள்ளவர்களில் 25 வயதுக்குள் சுமார் 63 வீதத்தினருக்கும், 35க்குள் 79 வீதத்தினருக்கும், 55க்குள் 96 வீதத்தினருக்கும் சலரோகம் வந்துவிடுகிறது என்பது தெரிந்த கணக்கு. அவனையும் இப்போதே சோதிக்கவேண்டுமா என்று தாய் கேட்டா. பழுது இருந்தாலும் இன்றைக்கு அவனுக்குக் கொடுக்க மருந்து எதுவும் இல்லை. வருடத்துக்கு ஒருதரம் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் இரத்தமும் சிறுநீரும் பார்த்தால் போதும் என்பது என் எண்ணம். தாகம் கூடி, இரவில் எழும்பி எழும்பிச் சலம் போகத் தொடங்கினால் வருடம் முடியக் காத்திருக்க வேண்டாம். அந்த ஒரு எழுத்தைத் தன்னில் தேடுவதா இல்லையா என்பதை அவன் வளர்ந்து தானே சொல்லட்டும். அதுவரை மாமியின் றிப்போட்டின் பிரதியொன்று அவன்ர கிளினிக் கொப்பிக்குள் இருக்கட்டும்.